ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களும் பயணிகளே

பாங்கொக் நகரின் நடுவே சேன் சேப் என்றொரு கால்வாய் ஓடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மூன்றாம் ராமா மன்னன் காலத்தில், கிழக்குத் திசைக்குப் படைகளையும் தளவாடங்களையும் அனுப்புவதற்காக வெட்டப்பட்டது. இன்று அதில் படை போவதில்லை. அலுவலகம் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகின்றார்கள். நீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. படகு துறையில் நிற்பது சில விநாடிகள்தாம். அதற்குள் ஏறவேண்டும், இறங்கவேண்டும். தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார். எதிர்ப் படகு வந்தால் ஓரத்திலிருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்தி மற்றவர்மீது நீர் தெறிக்காமல் காக்கவேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அந்தப் படகில் விருந்தாளியாகப் போனவன். என் கையில் கமரா இருந்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண், மடியில் சாப்பாட்டுப் பையோடு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் படமெடுத்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்திலிருந்த கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்தினார். எதிர்ப் படகு எதுவும் வரவில்லை.

அந்தத் திரை எனக்காக உயர்த்தப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு துறைகள் கடக்கவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கக்கூடாது. ஏனென்றால், அந்தப் பெண் இருந்த இடத்தில் என் தாயும் இருந்திருக்கின்றாள். படகில் அல்ல; தேயிலை மலையில். கோச்சி ஜன்னலிலிருந்து நீளும் கமராக்களுக்கு எதிரே.

இனி விஷயத்துக்கு வருகின்றேன்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளுக்குக் கணக்கில்லை. கண்டியிலிருந்து எல்ல வரையான பயணம் உலகின் மிக அழகிய ரயில் பயணங்களுள் ஒன்று என்கின்றார்கள். மறுக்கமாட்டேன். ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளியே வரும்போது கண்ணில் விழும் வெளிச்சத்தை, பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவன் நான். தலவாக்கலை, வட்டகொடை, கிறேட் வெஸ்டர்ன், நானுஓயா என்று ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவில் வண்டி மூச்சு வாங்கும். பிறகு ஒஹிய, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று இறங்கும். அழகுதான். ஆனால் இந்த அழகின் பேரால் அங்கே நடப்பது அழகானதல்ல. அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

2024-ஆம் ஆண்டில் நான் ஊருக்குப் போனபோது கண்டதைச் சொல்கின்றேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று.

நான் முன்பதிவு செய்த பெட்டியில், ஜன்னலோரத்தில், சௌகரியமாக இருந்தேன். கொழும்பில் வாழும் மகன் எடுத்துக் கொடுத்த சீட்டு. வண்டி நின்றது. மேடையில் தோட்டத்து மனிதர்கள் முப்பது, நாற்பது பேர். முன்பதிவில்லாப் பெட்டி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் இரு வாசல்களிலும் கால்களைத் தொங்கவிட்டபடி இளம் வெளிநாட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் மலைபோல் முதுகுப் பைகள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்ட கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலுக்கு வாசல் ஓடினார். என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் என் நிறத்தையும் முகத்தையும் பார்த்து நம்மவன் என்று கண்டுகொண்டார்.

"ஐயா, அவங்ககிட்ட இங்கிலீசுல கொஞ்சம் சொல்லுங்கய்யா. எனக்குக் கிளினிக் இருக்கு. ஒரு ஓரமா நின்னுக்கிறேன்."

நான் எழுந்து போய்ச் சொன்னேன். அந்த இளைஞர்கள் நல்லவர்கள். பதறி எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். கையை நீட்டி அவரைத் தூக்கவும் முயன்றார்கள். ஆனால் அவர்கள் எழுந்து நிற்கவே இடமில்லை. மூதாட்டியின் ஒரு கால் படியில் இருந்தபோதே கொடி அசைந்தது. அவருடைய மகனோ மருமகனோ, ஒருவர், அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இழுத்தது சரி. இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும். வண்டி புறப்பட்டது.

நான் என் இருக்கைக்குத் திரும்பினேன். என் பெட்டியில் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. சீட்டு விற்கப்பட்டவைதான், வாங்கியவர்கள் வரவில்லை. அடுத்த நிலையத்திலும் வரவில்லை. அதற்கடுத்த நிலையத்திலும் வரவில்லை. கிளினிக் கொப்பியோடு நின்றவருக்கு அந்த மூன்றில் ஒன்றில் உட்கார உரிமையில்லை. யாரோ, எங்கேயோ, திரையில் விரலால் தட்டி அந்த உரிமையை வாங்கிவிட்டு மறந்துபோய்விட்டார்.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர், "ஒரு நாள் நடந்த நெரிசலை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வழக்கா?" என்று கேட்கக்கூடும். ஒரு நாளின் நெரிசல் அல்ல இது. 2025 ஜனவரியில் வெளிவந்த செய்தியை நினைவுபடுத்துகின்றேன். எல்ல செல்லும் வண்டிக்கான இணையவழிச் சீட்டுகள், விற்பனை திறந்து 42 விநாடிகளில் தீர்ந்துபோயின என்று சொல்லப்பட்டது. அவை பிறகு பல மடங்கு விலைக்கு வெளிநாட்டவர்களிடம் விற்கப்பட்டன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நடந்தன. பத்திரிகைகள் அதைச் சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றப்பட்ட கதையாகவே எழுதின. நாட்டின் நற்பெயர் கெட்டுவிட்டதே என்று தலையங்கங்கள் வருந்தின. அந்த 42 விநாடிகளில் ஹட்டன்காரனும் தலவாக்கலைக்காரியும் எத்தனை சீட்டுகளை இழந்தார்கள் என்று யாராவது கேட்டார்களா? அந்தப் பாதையில் அவர்களும் பயணிகள் என்ற நினைவே எவருக்கும் வரவில்லை. என் கோபம் இங்கேதான் தொடங்குகின்றது.

இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது? சுற்றுலாவுக்காக அல்ல, தோட்டத்து மக்களுக்காகவும் அல்ல. கோப்பிக்காகப் போடப்பட்டது. 1867-இல் கண்டியை எட்டியது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869-இல் இலை நோய் வந்து கோப்பியைத் தின்னத் தொடங்கியது. பாதை மட்டும் நிற்காமல் ஏறியது. 1874-இல் நாவலப்பிட்டி, 1884-இல் ஹட்டன், 1885-இல் நானுஓயா, 1894-இல் பண்டாரவளை, இறுதியாக 1924-இல் பதுளை. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலைக்காக முடிந்தது. மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் அதைப் போட்ட கைகளில் பெருந்தொகையானவை தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களின் கைகள். அந்தக் கைகளின் பெயர் எந்த நிலையத்துப் பலகையிலும் இல்லை. தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர்களே நிலையங்களுக்கும் வந்தன.

அந்தப் பாதை மண்டபத்தோடும் தனுஷ்கோடியோடும் இணைந்த கதையும் உண்டு. முதலில் வந்தவர்கள் நடந்து வந்தவர்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 2023-இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்த வழியைத்தான் மீண்டும் மிதித்தார்கள். 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் வந்தபிறகு, மண்டபம் முகாமில் சோதிக்கப்பட்டு, கப்பலேறி, கோச்சியேறி மலைக்கு வந்தார்கள். வரும்போது அவர்களுக்கு இடம் இருந்தது. கூலி வேண்டியிருந்தபோது இடமும் இருந்தது.

போகும்போதும் இடம் இருந்தது. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் ஒரே சட்டத்தில் நாடற்றதாகியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை கட்டிப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். கேட்டுச் செய்ததா? இல்லை.

என் அத்தை குடும்பம் அந்தக் கணக்கில் போனது. நான் அப்போது பள்ளிச் சிறுவன். ஹட்டன் நிலையத்து மேடையில் தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், அம்மி. அம்மியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடை முழுவதும் ஒப்பாரி. வண்டி அசைந்தபோது அப்பா அத்தையின் கையைப் பிடித்தபடி மேடை முடியும்வரை ஓடினார். பொல்கஹவெலவில் மாறி, தலைமன்னார்க் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் படுத்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாட்டரசு 1968-இல் தொடங்கிய தோட்டங்கள் அவை. இங்கே விட்ட கூடையை அங்கே எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அவர்களைப் பார்க்கக் குன்னூர் போனேன். அங்கும் ஒரு மலை ரயில் இருக்கின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகமண்டலத்துக்கும் வந்த பற்சக்கர ரயில். 2005-இல் உலக மரபுச் சின்னமானது. அதில் ஒரு முறை போகலாமே என்றேன் அத்தை மகனிடம். அவன் சிரித்தான்.

"அது நமக்கில்ல மச்சான். டூரிஸ்ட்டுக்கு. நாம பஸ்ஸுலதான்."

கடல் கடந்து போனவனுக்கும் அதே பதில். கடல் கடக்காமல் இருந்தவனுக்கும் அதே பதில். இரண்டு மலைகளிலும் தேயிலை நட்டவர்கள் கொழுந்துக் கூடையோடு நின்று, போகிற வண்டியைப் பார்த்துக் கையசைக்கின்றார்கள். வண்டியில் இருப்பவர்கள் அந்தக் கையசைப்பைப் படமெடுத்துக்கொண்டு போகின்றார்கள்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் ஞாயிறு மலர் ஒன்றுக்கு நானே ஒரு கட்டுரை எழுதினேன். பச்சைக் கம்பளம், பனித்துகில், நீர்வீழ்ச்சியின் வெள்ளிக் கோடு என்று ஒன்றும் விடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களை வண்ணத்துப்பூச்சிகள் என்று எழுதினேன். ஆசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வார இறுதியில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல அட்டைக் கடி வரலையேப்பா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தொழிலில் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான விமர்சனம் அதுதான். ஆகவே, சுற்றுலாப் பயணியைத் திட்டும் தகுதி எனக்கில்லை. அவர் வெளியிலிருந்து வந்தவர். நான் லயத்தில் பிறந்து லயத்தை மறைத்து எழுதியவன்.

சரி, சுற்றுலாவே வேண்டாம் என்கின்றேனா? இல்லை. அப்படிச் சொல்வது மடமை. 2022-இல் நாட்டின் கஜானா காலியானபோது எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாம் வரிசையில் நின்றதை மறந்துவிடவில்லை. 2024-இல் இருபது இலட்சத்துக்கும் அதிகமான விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த டொலர் இந்த நாட்டுக்கு வேண்டும். எல்லவில் விடுதியும் தேநீர்க் கடையும் முச்சக்கர வண்டியும் வைத்துப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கவும் நான் வரவில்லை.

என் கேள்வி வேறு. விருந்தாளிக்கு இலை போடுவது நல்ல பண்பு. வீட்டுப் பிள்ளையின் இலையைப் பிடுங்கி விருந்தாளிக்குப் போடுவது எந்தப் பண்பு?

டொலர் வருகின்றதே, அது எல்லாருக்கும்தானே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2021-இல் ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக எவ்வளவு போராட்டம், எவ்வளவு வழக்கு! 2024-இல் அது 1,350 ஆனது. 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசின் பங்காக 200 ரூபாயும் என்று அறிவித்தார்கள். ஆக 1,750. இது பெயருக்கு உள்ள தொகை. நிர்ணயித்த கிலோவைப் பறிக்காவிட்டால் கொழுந்து மடுவத்தில் அந்தப் பெயரும் குறையும். மலையின் காட்சியைப் பார்ப்பதற்கான ஓர் இருக்கைக்கு வெளிநாட்டவர் மகிழ்ச்சியோடு கொடுக்கும் பணத்தில், அந்தக் காட்சியை அன்றாடம் கவாத்து வெட்டி, களை பிடுங்கி, கொழுந்தெடுத்து உருவாக்குகிறவருக்கு ஒரு சதமும் போய்ச் சேர்வதில்லை. தேயிலைச் சரிவு இயற்கை அன்று. அதை யாரும் வெட்டாவிட்டால் சில ஆண்டுகளில் காடாகிவிடும். ஜன்னலில் தெரிவது கூலி வேலை. அந்த வேலையைக் காட்சியாக்கி விற்கும்போது வேலையாளுக்குப் பங்கு கேட்பது பிச்சை அல்ல, கணக்கு.

இன்னொரு வாதம்: "பஸ் இருக்கின்றதே." இருக்கின்றது. தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதற்கே மூன்று, நான்கு கிலோமீற்றர் குன்றும் குழியுமான பாதை. அங்கிருந்து நகரத்துக்கு ஒரு பஸ், நகரத்திலிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். கோச்சியின் மூன்றாம் வகுப்புக் கட்டணம் அதைவிடக் குறைவு. நோயாளிக்கு வளைவு வளைவான பஸ் பாதையில் குடல் வெளியே வந்துவிடும். கோச்சியில் காலை நீட்டி உட்காரலாம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்புவதும் கோச்சியில்தான். மார்கழி முதல் வைகாசிவரை சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் ஹட்டனில் இறங்குவதும் அதே கோச்சியில்தான். அந்த நெரிசலை யாரும் குறை சொல்வதில்லை. அது பயணிகளின் நெரிசல், போகவேண்டிய இடத்துக்குப் போகிறவர்களின் நெரிசல்.

பாங்கொக் கதைக்குத் திரும்புகின்றேன். அங்கே சாவ் பிரயா ஆற்றில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனிப் படகு ஓடுகின்றது. கட்டணம் அதிகம், விளக்கம் சொல்லவும் ஆளுண்டு. அதே ஆற்றில் ஊர் மக்களின் விரைவுப் படகும் ஓடுகின்றது, கட்டணம் குறைவு. விரும்பினால் விருந்தாளியும் அதில் ஏறலாம். ஆனால் ஊராரைப்போலவே நிற்கவேண்டும், ஊராரைப்போலவே நசுங்கவேண்டும். சேன் சேப் கால்வாயிலும் எனக்கென்று ஓர் இருக்கையை யாரும் முன்கூட்டி விற்கவில்லை. வந்தவர் வரிசையில் ஏறினேன். வெனிஸ் நகரில் நீர்ப் பேருந்தில் ஒரு முறை ஏற வெளியூராரிடம் 9.50 யூரோ வாங்குகின்றார்கள். நகரவாசி அட்டை வைத்திருப்பவர் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. வெனிஸ்காரர் முதலில் வெனிஸ்காரர், பிறகுதான் காட்சிப் பொருள் என்று அந்த நகரசபை குறைந்தபட்சம் கட்டணப் பட்டியலிலாவது ஒப்புக்கொண்டிருக்கின்றது.

நம் நாட்டிலும் எல்ல ஒடிஸி என்ற பெயரில் சுற்றுலாவுக்கென்றே வண்டி விட்டார்கள். நல்லதுதான். அதை எதிர்க்கவில்லை. அப்படி இன்னும் பல வண்டிகள் வரட்டும். ஆனால் 1956 முதல் ஓடிய உடரட்ட மெனிக்கேயும் அதன் தங்கை பொடி மெனிக்கேயும் ஊர் மக்களின் வண்டிகள். மலைநாட்டு மங்கை, சின்ன மங்கை என்று பெயர் வைத்துவிட்டு, மலைநாட்டு மங்கையர் ஏறமுடியாத வண்டிகளாக அவற்றை ஆக்கியது யார்? சுற்றுலா வண்டி கூடுதலாக வரவேண்டும். ஊர் வண்டியின் பெட்டியைத் தின்று வளரக்கூடாது. இந்தச் சிறு வித்தியாசம் திட்டமிடுகிறவர்களுக்குத் தெரியாமலில்லை. கேட்பதற்கு ஆளில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்கள் போயின. மலைநாடு மண்ணாகச் சரிந்தது. கோச்சிப் பாதை பல இடங்களில் அறுந்தது. பாதை அறுந்ததும் வெளிவந்த கட்டுரைகளை வாசித்தேன். உலகின் அழகிய பயணம் நின்றுபோனதே, சுற்றுலா வருமானம் என்னாகும் என்ற கவலை வரிக்கு வரி இருந்தது. லயங்களின்மீது மண் விழுந்ததைப் பற்றியும் எழுதினார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாதையின் இழப்பைத் தோட்டத்து நோயாளியின் இழப்பாக, மாணவியின் இழப்பாக எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். சரிவிலுள்ள லயங்கள் ஆபத்தானவை என்பது புதுச் செய்தியும் அல்ல. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஹப்புத்தளையில் இறங்கிப் படமெடுக்கும் எத்தனை பேருக்கு, கீழே பள்ளத்தில் அப்படியோர் இடம் இருப்பது தெரியும்?

பாதையைத் திருத்துவது தண்டவாளத்தை நிமிர்த்துவது மட்டுமன்று. யாருக்கான பாதை என்பதையும் திருத்தவேண்டும். பணம் மண்ணில் கொட்டப்படும் இந்தத் தருணத்தில் கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை. நான் கேட்பவை அதிகமல்ல.

ஒன்று: மலைநாட்டுப் பாதையின் எல்லா அன்றாட வண்டிகளிலும், முன்பதிவில்லா மூன்றாம் வகுப்புப் பெட்டிகளின் எண்ணிக்கைக்குக் கீழ் எல்லை வகுக்கவேண்டும். சுற்றுலாப் பெட்டி சேர்ப்பதற்காக அவற்றைக் கழற்றக்கூடாது.

இரண்டு: முன்பதிவு இருக்கைகளில் ஒரு பங்கை ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா போன்ற இடை நிலையங்களின் கருமபீடத்தில், நேரில் வருபவருக்கு, அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். திரையில்லாதவருக்கும் இந்த நாட்டில் இருக்கை உண்டு என்பது நிலைநாட்டப்படவேண்டும்.

மூன்று: சீட்டு வாங்கியவர் ஏறாவிட்டால், வண்டி அடுத்த நிலையத்தைத் தாண்டியதும் அந்த இருக்கை நிற்பவருக்கு உரியதாகவேண்டும். முதியவருக்கும் நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் முதலுரிமை. இதற்கு டொலரும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

நான்கு: சுற்றுலாக் கட்டணத்தில் ஒரு பகுதி, எவ்வளவு சிறியதாயினும், பாதையோரத் தோட்டங்களின் வீதிகளுக்கும் ஆபத்தான லயங்களிலிருந்து மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றுவதற்கும் போகவேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படவேண்டும்.

இவற்றை நம் அரசியல்வாதிகளிடமும் சொல்கின்றேன். தேர்தல் மேடையில் நின்று வீரம் பேசுகின்றீர்கள். பாராளுமன்றத்துக்குச் சொகுசு வாகனத்தில் போகின்றீர்கள். கடைசியாக எப்போது உங்கள் வாக்காளரோடு முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றீர்கள்? தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்காகப் போராடுவது உங்கள் கடமை. ஆனால் தொழிலாளி கொழுந்து மடுவத்தில் மட்டும் வாழ்பவனல்லன். அவன் கிளினிக்குக்குப் போகிறவன். பிள்ளையைப் பரீட்சைக்கு அழைத்துப் போகிறவன். பயணமும் ஓர் உரிமைதான்.

விருந்தாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அவர்கள் இதைத் தமிழில் வாசிக்கமாட்டார்கள். ஆகவே வாசிக்கும் நம்மவர்களுக்கே சொல்கின்றேன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் மலைநாட்டுக்குப் போகும் நாமும் அங்கே விருந்தாளிகள்தாம். வாசலில் தொங்காதீர்கள். படமெடுக்கத் தொங்கி உயிர்விட்டவர்கள் இருக்கின்றார்கள். அந்த வாசல் வேறொருவர் ஏறுவதற்கானதும்கூட. நிலையம் வந்தால் பைகளைத் தூக்கி மேலே வையுங்கள். லயத்து வாசலில் துணி துவைக்கும் பெண்ணை நோக்கிக் கமராவை நீட்டுமுன், உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ரயில் நின்று நூறு கமராக்கள் நீண்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினையுங்கள். அந்தப் பெண்ணிடம் இழுத்துவிட ஒரு பிளாஸ்டிக் திரைகூட இல்லை.

அந்த மூதாட்டி அன்று கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. வண்டி வளைவில் திரும்பியபோது மேடையின் நுனியில் அவர் நின்றது தெரிந்தது. என் பெட்டியிலிருந்த யாரோ ஒருவர், மேடையில் நிற்பவர்கள் நமக்கு விடைகொடுக்கின்றார்கள் என்று எண்ணி உற்சாகமாகக் கையசைத்தார். அவர்கள் யாருக்கும் விடைகொடுக்க வந்தவர்களல்லர். வண்டியேற வந்தவர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் மேடையில் நாங்கள் விடைகொடுத்தது போதும். இனி எங்களுக்கு வண்டியில் இடம் வேண்டும்.